கேளுங்க அக்கா: "என்னா குடுப்பீங்க?"

கேள்வி: அக்கா, மகனுக்கு 4 வயசு, மகளுக்கு ஒன்னரை. பொம்மைய தங்கச்சிக்கு விடவே மாட்டறான், பாலர் பள்ளில கூட ஒரு பையன தள்ளி விட்டுட்டானாம். அதான் ஃபிரிட்ஜ்ல ஸ்டார் சார்ட் ஒட்டி, நல்லது செஞ்சா ஸ்டிக்கர், 5 ஸ்டிக்கருக்கு ஒரு சாக்லேட்னு வச்சேன். இப்ப டவல எடுத்துட்டு வாடான்னா கூட "என்னா குடுப்பீங்க?"ங்கறான்.
– வாசகி, பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: அவன திட்டாதீங்கம்மா, பேரம் பேச பழக்கினதே நாமதானே. 2008-ல வார்னகென், தோமசெல்லோன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்ங்க 20 மாசக் குழந்தைங்கள வச்சு இதையே சோதிச்சாங்க, கீழ விழுந்தத எடுத்துக் குடுத்தா சிலருக்கு விளையாட சாமான், சிலருக்கு பாராட்டு, சிலருக்கு ஒன்னுமே இல்ல, கடைசில பாத்தா சாமான் வாங்கிப் பழகினவங்கதான் உதவி செய்யறத கொறச்சுக்கிட்டாங்க. இவங்களே 2006-ல 18 மாசப் பிள்ளைங்க யாரும் சொல்லாமலே ஓடி வந்து உதவறத காட்டினவங்கதான்.

அதனால சார்ட்ட சத்தமில்லாம கழட்டிருங்க. கொஞ்ச நாள் "என்னா குடுப்பீங்க" வரும், "ஒன்னும் இல்லடா, டவல் இல்லாம அம்மா ஈரமா நிக்கறேன்"னு சிரிச்சுட்டு விட்ருங்க. அவனுக்கு நெஜமான வேலை குடுங்க, விளையாட்டு வேலை இல்ல. தீபாவளிக்கு முறுக்கு சுடறீங்கன்னா அச்சுல மாவு அடைக்கறது அவன் வேலை, தரையெல்லாம் மாவாகும், ஆகட்டும், எண்ணெச் சட்டி பக்கம் மட்டும் விடாதீங்க. அப்புறம் எதிர் வீட்டு மாக்சிக் (மலாய்க்கார அம்மா), லிஃப்ட் பக்கத்து சீன ஆண்ட்டி, இவங்களுக்கு முறுக்கு டின்ன அவனே தூக்கிட்டுப் போயி பெல் அடிச்சு குடுக்கட்டும், நீங்க பின்னால நில்லுங்க, வாங்கறவங்க மூஞ்சிய அவன் பாக்கணும், அதுக்குதான் இவ்வளவும்.

தள்ளி விட்டா கைய புடிச்சு நிறுத்துங்க, நீளமா லெக்சர் வேணாம், "அவன் மூஞ்சிய பாரு, வலிக்குது"ன்னா போதும். ஆனா பொம்மை விசயத்துல நான் பையன் பக்கம்தான், ரெண்டு பொம்மை அவனோடது மட்டும்னு இருக்கட்டும். எல்லாத்தையும் பங்கு போடுன்னு நம்மளயே சொன்னா நம்ம கைப்பேசிய குடுப்போமா?

கேள்வி: 5 வயசு மகள தைப்பூசத்துக்கு தண்ணீர் பந்தல் வேலைக்கு கூட்டிட்டுப் போலாமா?
– வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: தாராளமா. முருகனோட வெள்ளி ரதம் கிளம்பற அன்னிக்கு காலைல, ரதத்துக்கு தேங்கா உடைக்கற ரோட்டுக்கு மட்டும் வேணாம், ஓடு தெறிக்கும், கூட்டமும் தாங்காது. தண்ணீர்மலை கோயில் இருக்கற ஜாலான் கெபுன் புங்கா ரோட்டுப் பக்கம் தெரிஞ்சவங்க பந்தலா பாத்து, வெயில் ஏறறதுக்கு முன்ன கொஞ்ச நேரம் போதும். தண்ணி கப்ப நீட்டறது அவ, நிரப்பறது நீங்க. சலிச்சுப் போனா வீட்டுக்கு வந்துருங்க, "இன்னும் கொஞ்சம்"னு இழுக்காதீங்க.