மரம் கழிக்க எவ்வளவு கேட்கலாம்?

ஐப்பசி மழை நெருங்கும்போது எனக்கு வரும் கேள்விகளில் பாதி மரம் கழிப்பது பற்றித்தான் இருக்கும். இந்த முறை வந்தவற்றில் சில:

வீட்டு வாசலில் இரண்டு மாடி உயர வேப்பமரம். கிளை கழிக்க ஒருவர் 3,000 ரூபாய் கேட்டார், இன்னொருவர் 9,000. ஒரே மரத்துக்கு ஏன் இந்த வித்தியாசம்? (வாசகி, தாம்பரம்)

இரண்டு பேரும் ஒரே வேலையைச் சொல்லியிருக்க மாட்டார்கள். கிளையை வெட்ட அதிக நேரம் ஆகாது. அதைக் கீழே இறக்குவதற்குத்தான் கூலி. அடியில் வெறும் மண் தரை என்றால் வெட்டி விழ விடலாம். கார் நிற்கிறது, பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருக்கிறது என்றால் ஒவ்வொரு கிளையையும் கயிற்றில் கட்டித் துண்டு துண்டாக இறக்க வேண்டும். மேலே ஒருவர், கீழே கயிறு பிடிக்க இரண்டு பேர், முழு நாள் வேலை.

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். மேலே ஏறுபவருக்கு உங்கள் ஊர்க் கொத்தனார் கூலியை விடச் சற்றுக் கூடுதல், கீழே நிற்பவர்களுக்குச் சித்தாள் கூலி, அப்புறம் தழையை அள்ள குட்டியானை வாடகை. இந்தக் கடைசிச் செலவைப் பேசாமல் விட்டுத்தான் பலர் குறைந்த தொகை சொல்வார்கள். மாலையில் தெருவை அடைத்துக்கொண்டு குவியல் கிடக்கும், ஆள் இருக்கமாட்டார்.

விறகு யாருக்கு என்பதையும் முதலிலேயே பேசுங்கள். விறகை அவரே எடுத்துக்கொண்டால் கூலி குறையும். ஆனால் அப்போது அவர் கண் பருத்த கிளைகள் மேல்தான் போகும். எந்தெந்தக் கிளை என்று சாக்பீஸால் குறியிட்டு, அல்லது கீழே நின்று கைகாட்டி, முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

மொட்டையடித்துவிட்டால் ஐந்து வருடத்துக்குத் தொல்லை இல்லை என்கிறார். செய்யலாமா? (வாசகர், மதுரை)

வேண்டாம். நானும் ஒருமுறை இதைக் கேட்டு ஒரு வாகை மரத்தை மொட்டையடித்தேன். வெட்டிய இடத்திலெல்லாம் கொத்துக் கொத்தாகப் போத்துகள் கிளம்பின. அவை பட்டைக்குக் கீழிருந்து வருபவை, பிடிப்பு பலமாக இருக்காது. இரண்டு வருடத்தில் காற்றுக்கு முறிய ஆரம்பித்தன, மறுபடியும் ஆள் கூப்பிட்டேன். மலிவாக முடித்த வேலைக்கு இரண்டு தடவை கூலி கொடுத்தேன்.

ஒரே தடவையில் பச்சைத் தழையில் கால் பங்குக்கு மேல் எடுக்க விடாதீர்கள். கனமான கிளையானால் ஆள் தேர்ந்தவரா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. தேர்ந்தவர் முதலில் தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி, கிளையின் அடிப்பக்கம் கொஞ்சம் அறுப்பார். பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுப்பார். பட்டை உரிந்து தண்டோடு கிழியாது. மிச்சக் கட்டையைக் கடைசியில், கிளை தண்டோடு சேரும் தடித்த வளையத்தைத் தொடாமல் எடுப்பார். அந்த வளையம் இருந்தால்தான் காயம் மூடும்.

தென்னையில் மட்டையெல்லாம் கழித்துக் குடுமி போல விட்டுவிட்டார். பார்க்கச் சுத்தமாக இருக்கிறது, ஆனால் குரும்பை கொட்டுகிறது. (வாசகர், பொள்ளாச்சி)

அந்தச் சுத்தத்துக்குத்தான் காசு கொடுத்துக் காயை இழந்தீர்கள். நல்ல தென்னையில் முப்பது மட்டைக்கு மேல் இருக்கும், ஏறக்குறைய மாதம் ஒன்று புதிதாக வரும். ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும் ஒரு பாளை. பச்சை மட்டையை எடுத்தால் குலைக்குச் சாப்பாடும் இல்லை, தாங்கலும் இல்லை. வெட்டுக்காய வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டும் வந்து சேரும். காய்ந்த மட்டை, பன்னாடை, காய்ந்த பாளை, இவற்றுக்கு மட்டும் கூலி பேசுங்கள். பச்சை மட்டையை எடுத்தே ஆக வேண்டுமென்றால் தண்டிலிருந்து நான்கு அடி விட்டு வெட்டச் சொல்லுங்கள்.

கிளை மின்கம்பியில் உரசுகிறது. யாரைக் கூப்பிடுவது? (வாசகி, திருச்சி)

ஈபி அலுவலகத்தில் புகார் கொடுங்கள். மின்சாரத்தை நிறுத்தாமல் தனி ஆளை ஏற்றவே கூடாது, எவ்வளவு குறைவாகக் கேட்டாலும். ஈபி ஆட்கள் கம்பிக்கு வேண்டிய அளவு மட்டும்தான் வெட்டுவார்கள். சாலையோர மரமென்றால் மாநகராட்சியிடம் கேளுங்கள், நீங்களே ஆள் வைத்து வெட்ட வேண்டாம்.

மாமரத்துக்கு எப்போது ஆள் கூப்பிடுவது? (வாசகர், சேலம்)

காய்ப்பு முடிந்ததும், ஆகஸ்ட், செப்டம்பருக்குள். தாமதித்தால் பூக்க வேண்டிய நுனிகளையே வெட்டிவிடுவீர்கள். புயல் எச்சரிக்கை வந்த பிறகு கூப்பிட்டால் கேட்டதைத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். முருங்கைக்கு ஆளே தேவையில்லை. காய்ப்பு ஓய்ந்ததும் மூன்று அடி உயரத்தில் நீங்களே வெட்டிவிடலாம்.

ஏறியவர் விழுந்துவிட்டால்? (வாசகர், கோவை)

பலர் கேட்கக் கூச்சப்படும் கேள்வி. தென்னை ஏறுபவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் 'கேர சுரக்ஷா' விபத்துக் காப்பீடு உண்டு. வருபவர் அதில் சேர்ந்திருக்கிறாரா என்று கேளுங்கள். மற்ற மரங்களுக்கு இடுப்புக் கயிறும் தலைக்கவசமும் இல்லாமல் வருபவரை, பேரம் முடிந்திருந்தாலும், ஒரு டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.