கொழுந்தன் கேட்கும் ஐந்து லட்சம்

கேள்வி: என் கணவரின் தம்பி திருப்பூரில் ஜாப் ஒர்க் (பிறர் ஆர்டரைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும்) தையல் யூனிட் நடத்துகிறார். மாதம் 6 லட்சத்துக்கு பில் போடுகிறாராம், லாபம் 90 ஆயிரமாம். ஆர்டரை இரட்டிப்பாக்க 5 லட்சம் கேட்கிறார், கால் பங்கு தருவதாகவும் சொல்கிறார். எம்.பி.ஏ. படித்தவர்கள் ஒரு கம்பெனியை எப்படி எடைபோடுவார்கள்? நான் பள்ளி ஆசிரியை, கணக்கு வழக்கு தெரியாது. – வாசகி, அவிநாசி

பதில்: கணக்கு தெரியாது என்கிறீர்கள், ஆனால் தேவையான எண்களை எல்லாம் நீங்களே எழுதிவிட்டீர்கள். எம்.பி.ஏ. வகுப்பில் முதலில் நோண்டுவது அந்த 90 ஆயிரத்தைத்தான். உங்கள் கொழுந்தன் தனக்குச் சம்பளம் எழுதிக்கொள்கிறாரா? ஷெட் குடும்பத்துடையது என்றால் வாடகை எழுதுகிறாரா? பெரும்பாலும் இரண்டும் இருக்காது. இதே வேலையை வெளியே செய்தால் அவருக்கு 40 ஆயிரம் கிடைக்கும், ஷெட்டை வாடகைக்கு விட்டால் 20 ஆயிரம் வரும் என்று வையுங்கள். தொழில் உண்மையில் சம்பாதிப்பது 30 ஆயிரம்தான். மெஷின் தேய்மானத்தை நான் இன்னும் கழிக்கவே இல்லை.

அடுத்தது நாள் கணக்கு. எனக்கு இதுதான் முக்கியம். தையல்காரர்களுக்குச் சனிக்கிழமை தோறும் கூலி கொடுத்தாக வேண்டும். ஆனால் ஆர்டர் கொடுத்தவரிடமிருந்து எத்தனை நாளில் பணம் வருகிறது? 75 நாள் என்று வைப்போம். 6 லட்சம் பில்லில் லாபம் 90 ஆயிரம் போக, மாதச் செலவு 5.1 லட்சம். இரண்டரை மாதச் செலவான 12.75 லட்சம் எப்போதும் வெளியே நிற்கும். ஆர்டர் இரட்டிப்பானால் 25.5 லட்சம் நிற்கும். அதாவது இன்னும் 12.75 லட்சம் தேவை. உங்கள் 5 லட்சம் அதில் பாதிக்குக்கூட வராது. மெஷின் வாங்க என்று கொடுப்பீர்கள், அது கூலியாகப் போய்விடும். லாபம் நோட்டில் ஏறிக்கொண்டே இருக்கும், பெட்டியில் மட்டும் காசு இருக்காது.

சின்ன யூனிட்டுக்கு மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 1997-ல் சென்னை திருவான்மியூரில் ஒரே கடையாகத் தொடங்கிய சுபிக்ஷா என்ற மளிகைக் கடைத் தொடர், 2008-ல் சுமார் 1,600 கடைகளாகியிருந்தது. 2009 தொடக்கத்தில் சம்பளத்துக்கும் சரக்குக்கும் கையில் ரொக்கமில்லாமல் கடைகள் மூடப்பட்டன. வாடிக்கையாளர்கள் இல்லாததால் வந்த வினை அல்ல அது. கடன் வாங்கி வளர்ந்த வேகத்துக்கு ரொக்கம் ஈடுகொடுக்கவில்லை.

சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கொழுந்தனிடம் உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இருக்கிறதா என்று கேளுங்கள். சட்டத்தைக் காட்டிக் கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்பார். அதுவும் உண்மைதான். அதனால்தான் ஒரே ஒரு எக்ஸ்போர்ட்டரை நம்பித் தைக்கிறாரா, மூன்று நான்கு பேரிடம் எடுக்கிறாரா என்பதையும் கேட்கச் சொல்கிறேன்.

சரி, கால் பங்குக்கு 5 லட்சம் என்றால் மொத்த யூனிட்டுக்கு 20 லட்சம் விலை போடுகிறார். மாதம் 30 ஆயிரம் என்றால் வருடத்துக்கு 3.6 லட்சம், உங்கள் பங்கு 90 ஆயிரம். 18 சதவீதம்! கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வளரும் யூனிட் அந்த 90 ஆயிரத்தையும் அடுத்த வாரக் கூலிக்கு எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்று, சாதாரணக் கூட்டு நிறுவனத்தில் பங்காளியாகக் கையெழுத்துப் போட்டால் கம்பெனிக் கடனுக்கு உங்கள் சொந்தச் சொத்தும் பொறுப்பு. 5 லட்சத்தோடு நிற்காது. பண்டிகைக்கு ஒரே வீட்டில் உட்கார வேண்டியவர்கள் நீங்கள். என்னைக் கேட்டால் பங்கே வேண்டாம், வட்டியும் தவணையும் எழுதிய கடனாக, திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய தொகையை மட்டும் கொடுங்கள்.

அதற்கு முன் இரண்டு காகிதங்களை வாங்குங்கள்: 12 மாத பேங்க் ஸ்டேட்மென்ட், அதே மாதங்களின் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன். ரிட்டர்னில் உள்ள ஒவ்வொரு பெரிய பில்லும் எந்தத் தேதியில் பேங்குக்கு வந்தது என்று பென்சிலால் குறியுங்கள். மார்க் ஷீட் போடும் உங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.