பிர்கிட் நில்சன் வெறுமனே சத்தமாகப் பாடியவரா?

"ஸ்வீடன் ஓபரா பாடகி பிர்கிட் நில்சனை இவ்வளவு கொண்டாடுகிறார்களே, கேட்டால் கத்துவது போலத்தான் இருக்கிறது. சத்தத்தைத் தவிர என்ன இருந்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக நீங்கள் கேட்டது அவருடைய உச்ச சுரங்களை மட்டும் வெட்டி ஒட்டிய மூன்று நிமிட வீடியோவாக இருக்கும், அதையும் போனில் கேட்டிருப்பீர்கள். அப்படிக் கேட்டால் யாருக்கும் கத்தலாகத்தான் படும். உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் கேள்வியில் இருக்கும் "வெறும் சத்தம்" என்ற முடிவு தவறு.

ஓபராவில் மைக் கிடையாது. ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் பெரிய ஓபராக்களில் வாசிப்பவர்கள் சுமார் நூறு பேர். அத்தனை பேரையும் பலத்தால் அமுக்க எந்தத் தொண்டையாலும் முடியாது, முயன்றால் ஒரு பருவத்திலேயே குரல் போய்விடும். இசைக்குழுவின் ஒலி ஆற்றல் 500 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் அதிகம், அதற்கு மேலே போகப் போகக் குறையும். பயிற்சி பெற்ற ஓபராக் குரலில் 3,000 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் ஆற்றல் குவியும். இசைக்குழு பலவீனமாக இருக்கும் அந்த இடைவெளி வழியாகத்தான் குரல் கடைசி வரிசை வரை போகிறது. இதை அளந்து விளக்கியவரும் ஸ்வீடன்காரர்தான், யோஹான் சுண்ட்பெரி.

இது ஆண் குரல்களில்தான் தெளிவாகத் தெரியும், நில்சனைப் போன்ற சொப்ரானோவுக்கு (பெண்களின் உயர்ந்த குரல்வகை) அப்படியே பொருந்தாது என்று யாராவது பின்னூட்டத்தில் வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். சரிதான். மேற்கத்திய இசையில் சொப்ரானோவின் உச்ச சுரமாகச் சொல்லப்படும் மேல் 'சி' சுமார் 1,047 ஹெர்ட்ஸ். 'ஈ' என்ற உயிரொலிக்கு வாயறையின் முதல் ஒத்ததிர்வு, அதாவது வாயறை தானாகவே ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும் உயரம், 300 ஹெர்ட்ஸ் அளவில்தான் இருக்கும். அந்த வாயமைப்போடு மேல் 'சி'யைப் பிடித்தால் குரல் நெரியும். அதனால் தாடையை இறக்கி, வாயைத் திறந்து, ஒத்ததிர்வைச் சுரத்தின் உயரத்துக்கே கொண்டுபோக வேண்டும். அப்போது எல்லா உயிரொலியும் 'ஆ' பக்கம் சாயும். உச்சத்தில் வார்த்தை புரியாததற்குக் காரணம் இதுதான். அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நில்சனின் உண்மையான பலம் தாங்கும் சக்தி. வாக்னரின் 'டிரிஸ்டானும் இசோல்டேவும்' ஓபராவில் இசை மட்டுமே கிட்டத்தட்ட நாலு மணி நேரம். முதல் அங்கத்தில் நாயகி இசோல்டேவுக்குக் கிட்டத்தட்ட ஓய்வே கிடையாது. கோபமும் சாபமுமாக மேல் 'பி' வரை போக வேண்டும். இரண்டாம் அங்கத்தில் டிரிஸ்டான் வந்து சேர்ந்ததுமே இரண்டு மேல் 'சி', அதை அடுத்து நீண்ட காதல் இருகுரல் பாட்டு. மூன்றாம் அங்கத்தில் கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம் மேடைக்குப் பின்னால் காத்திருக்க வேண்டும். அங்கே குரல் ஆறிப்போவதுதான் ஆபத்து. பிறகு வந்து ஏழு நிமிடக் கடைசிப் பாட்டைப் பாடி, அதன் கடைசிச் சுரமான மேல் 'எஃப் ஷார்ப்'பை மிக மெல்லிய குரலில் நிறுத்த வேண்டும். கத்தியே காலம் ஓட்டுபவரால் அந்தச் சுரத்தை மெல்லிசாகப் பிடிக்க முடியாது, அடைத்துக்கொள்ளும், இல்லையென்றால் ஆடும்.

1959 டிசம்பர் 18 அன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் இந்த வேடத்தில்தான் அறிமுகமானார். நியூயார்க் டைம்ஸ் அதை முதல் பக்கத்தில் போட்டது. பத்து நாள் கழித்து, டிசம்பர் 28 அன்று, டிரிஸ்டான் பாட வேண்டிய மூன்று டெனர்களுக்கும் (உயர்ந்த ஆண் குரல் பாடகர்கள்) உடம்பு சரியில்லை. ராமோன் வினாய், கார்ல் லீபல், ஆல்பர்ட் டா கோஸ்டா மூவரும் ஆளுக்கு ஓர் அங்கம் பாடினார்கள். மூன்று அங்கத்துக்கும் இசோல்டே ஒருவர்தான்.

இந்தக் குரல் திடீரென்று வந்ததில்லை. 1918இல் தெற்கு ஸ்வீடனில், வெஸ்ட்ரா காருப்பில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஸ்டாக்ஹோமில் படித்தார். முதல் குரல் ஆசிரியர் தன்னைக் கிட்டத்தட்டக் கொன்றேவிட்டார் என்றும், மேடையே சிறந்த ஆசான் என்றும் அவரே பிற்பாடு சொன்னார். 1946இல் நோயுற்ற ஒருவருக்குப் பதிலாக, மூன்றே நாள் அவகாசத்தில் வேபரின் 'டெர் ஃப்ரைஷூட்ஸ்' ஓபராவில் அகாத்தே வேடத்தைப் பாடினார். 1954இல், வாக்னர் ஓபராக்களுக்காக ஜெர்மனியில் நடக்கும் பைரோய்ட் விழாவில் முதலில் ஏற்ற வேடம் எல்சா, ஒப்பீட்டளவில் மென்மையானது. அங்கே இசோல்டே 1957இல்தான், அப்போது வயது 39. ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் எலெக்ட்ரா வேடம் 1965இல். 1984 வரை பாடினார். இசோல்டே போன்ற கனமான வாக்னர் வேடங்களை இருபதுகளிலேயே தூக்கியிருந்தால் இது நடந்திருக்காது. இன்று இளம் பாடகர்களை முப்பதுக்குள் வாக்னருக்குத் தள்ளுகிறவர்கள் இந்த வரிசையைப் பார்க்க வேண்டும். "யார் சத்தம் பெரிசு" என்று போட்டி வைக்கும் தொகுப்பு வீடியோக்கள் ரசிகர்களின் காதையும் கெடுக்கின்றன, பாடகர்களின் ஆசையையும் கெடுக்கின்றன.

குறை இல்லாமல் இல்லை. சில இரவுகளில் சுருதி ஒரு இழை ஏறி நிற்கும். இத்தாலிய வேடங்களில் கனிவு போதாது. வெர்டியின் ஆயிடாவை அவரிடம் தேடாதீர்கள், கனிவு தேவைப்படாத குளிர்ந்த இளவரசி வேடமான டூராண்டாட்டைத் தேடுங்கள்.

ஒலிப்பதிவு இன்னொரு சிக்கல். மைக் அருகில் இருந்தால் குரலின் உலோகம் போன்ற கூர்மை மட்டும் பதிவாகும், அரங்கில் அது விரிவது பதிவாகாது. அதனால் 'டிரிஸ்டானும் இசோல்டேவும்' ஓபராவின் 1966 பைரோய்ட் நேரடிப் பதிவில் தொடங்குங்கள். நடத்துநர் கார்ல் போம், டிரிஸ்டான் வொல்ஃப்காங் விண்ட்காஸன். போன் ஸ்பீக்கர் வேண்டாம், நல்ல ஹெட்போன் போதும். முன்னிசை தொடங்கும்போது செல்லோக்கள் மெதுவாக, ஆனால் தெளிவாகக் கேட்கும் அளவுக்கு ஒலியை வையுங்கள். அதற்குப் பிறகு ஒலியளவைத் தொடாதீர்கள். முதல் அங்கம் முழுக்கக் கேளுங்கள், பிறகு மூன்றாம் அங்கத்தின் கடைசிப் பத்து நிமிடம். அந்த 'எஃப் ஷார்ப்' வரும்போது குரல் எங்கே முடிகிறது, இசைக்குழு எங்கே வாங்கிக்கொள்கிறது என்று கவனியுங்கள்.