பழைய தேவாலயங்களையும் தெருக்களையும் காக்கும் உள்ளூர்ச் சங்கம் என்னதான் செய்கிறது?

விழா எடுப்பது மட்டும்தானா என்று கேட்டால், இல்லை. அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரத்தையே பாருங்கள். 1920ல் அங்குள்ள ஜோசப் மனிகால்ட் வீடு என்ற பழைய வீட்டை இடித்துவிடுவார்கள் என்ற நிலை வந்ததும், வீடு, மனை விற்பனைத் தொழிலில் இருந்த சூசன் பிரிங்கிள் ஃப்ராஸ்ட் ஆட்களைத் திரட்டிச் சங்கம் தொடங்கினார், அந்த வீடு இன்றும் நிற்கிறது. அப்புறம் 1931ல் நகர நிர்வாகமே ஒரு பழைய பகுதி முழுவதையும் பாதுகாக்கச் சட்டம் போட்டது, அமெரிக்காவில் அதுதான் முதல். எனக்கு இதுதான் பெரிய விஷயம். 1761ல் கட்டி முடித்த அங்குள்ள புனித மைக்கேல் தேவாலயத்தைச் சுற்றிலும் அடுக்குமாடி எழும்பியிருந்தால் அந்த வெள்ளைக் கோபுரம் கண்ணுக்கே தெரியாது. நன்றாகப் புதுப்பித்த கட்டடங்களுக்குச் சங்கம் 1953 முதல் விருது தருகிறது, அந்தப் பட்டயத்தைச் சுவரிலேயே பதிக்கிறார்கள். இலையுதிர் காலத்தில் பழைய வீடுகளையும் தோட்டங்களையும் சுற்றிக் காட்டுவதும் உண்டு.