கூழும் கஞ்சியும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

பெரம்பூரில் எங்கள் குடியிருப்பில் போன ரமலானில் மூன்று மதத்தவரும் சேர்ந்து நோன்புக் கஞ்சி காய்ச்சினோம். அடிப்பிடித்தது. பாங்கு சொல்வதற்குள் களியாகவும் இறுகிவிட்டது. போதாக்குறைக்கு, 'இது நம்ம ஆடிக் கூழைப் பார்த்து வந்ததுதானே' என்று ஒருவர் சொல்லப்போய் வாக்குவாதம். யாரிடமிருந்து யார் எடுத்தது? ஐம்பது பேருக்கு அளவும் சொல்லுங்கள்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பக்குவத்தை வைத்துப் பார்த்தால் இரண்டும் உறவே இல்லை. கூழுக்குக் கேழ்வரகு மாவை முதல்நாளே கரைத்துப் புளிக்கவைக்க வேண்டும். புளிக்காத கூழைத் தெருவில் யாரும் மதிக்கமாட்டார்கள். நோன்புக் கஞ்சி புளித்தால் கொட்ட வேண்டியதுதான். கைமாறியவை இரண்டு: சொல், அண்டா. 'நோன்பு' என்பதன் வேரான 'நோல்' பொறுத்துக்கொள்வதைக் குறிக்கும்; காரடையான் நோன்புக்கும் ரமலானுக்கும் அதே சொல். சமண, பௌத்தத் துறவிகள் தங்கிய 'பள்ளி'தான் பள்ளிவாசலிலும் இருக்கிறது. வாசலில் அண்டாவை இறக்கி, வருகிறவரின் தூக்குவாளியில் யார் எவர் என்று கேட்காமல் ஊற்றும் வழக்கம் மாரியம்மன் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் பொது. பெரிய வெள்ளியன்று கத்தோலிக்கக் கோயில்களில் கஞ்சி ஊற்றுவதும், நெல்லைப் பக்கத்து சி.எஸ்.ஐ. சபைகளின் அசனம் என்னும் பொது விருந்தும் இதே வரிசைதான்.

திருவல்லிக்கேணியில் 1795-இல் கட்டிய வாலாஜா பள்ளிவாசலில் பல பத்தாண்டுகளாக நோன்பு திறப்பவர்களுக்குப் பரிமாறுகிறவர்கள் மயிலாப்பூர் சூஃபிதார் தொண்டர்கள். பிரிவினையில் சிந்துவிலிருந்து வந்த தாதா ரத்தன்சந்த் தொடங்கிய அமைப்பு அது. சமைப்பது முழுக்க சைவம். நீங்களும் கறி போடாதீர்கள். ஹலாலா என்ற கேள்வி எழாது, சைவக்காரர்களும் குடிக்கலாம், தவக்கால வெள்ளியில் கறி ஒதுக்கும் கத்தோலிக்கர்களுக்கும் தொல்லையில்லை. 2022, 2023, 2024 மூன்று ஆண்டும் பெரிய வெள்ளி ரமலானுக்குள்தான் வந்தது.

ஆளுக்கு 200 மில்லி என்றால் 10 லிட்டர் கஞ்சி. பச்சரிசி நொய் 1 கிலோ, பாசிப்பருப்பு கால் கிலோ, வெந்தயம் 20 கிராம் (கூடினால் கசக்கும்), தேங்காய் மூன்று. வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு, பட்டை கிராம்பு, புதினா, மல்லி உங்கள் கைப்பக்குவம். நொய்யையும் பருப்பையும் அரைமணி ஊறவையுங்கள். தாளித்து வதக்கி, 8 லிட்டர் தண்ணீர் கொதித்த பிறகே அவற்றைப் போடுங்கள். கொதிக்காத தண்ணீரில் கொட்டினால் நொய் அப்படியே அடியில் போய் உட்கார்ந்துவிடும். உங்களுக்கு அடிப்பிடித்தது பெரும்பாலும் இதனால்தான். தட்டையான துடுப்பால் அடியைத் தொட்டுத் தொட்டுக் கிண்டுங்கள். தீய்ந்த வாடை வந்துவிட்டால் சுரண்டவே கூடாது. மேல்கஞ்சியை வேறு அண்டாவுக்கு மாற்றிவிடுங்கள்.

அடுப்பை அணைத்த பிறகும் நொய் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் களி. 2 லிட்டர் வெந்நீரைத் தனியாக வைத்திருந்து ஊற்றும் நேரத்தில் இளக்குங்கள். பச்சைத் தண்ணீர் விட்டால் கஞ்சி வேறு, தண்ணீர் வேறாக நிற்கும். தேங்காய்ப்பாலைக் கடைசியில் சேருங்கள், கொதித்தால் திரிந்துபோகும். மூன்றரைக்கு அடுப்பு மூட்டினால் அஸர் எனும் பிற்பகல் தொழுகை முடிந்து வாளியோடு வரும் பிள்ளைகளுக்குச் சரியாக இருக்கும்.

உப்புப் பார்க்க நோன்பில்லாத ஒருவரை நிறுத்துங்கள். அந்த வாக்குவாதக்காரருக்கே அந்த வேலையைக் கொடுக்கலாம்.

பதிலுக்கு ஆடியில் கூழ் கொடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அம்மனுக்குப் படைத்ததை முஸ்லிம் வீடுகளில் பலர் குடிக்கமாட்டார்கள். முகத்துக்கு நேரே மறுக்கவும் கூச்சப்படுவார்கள். படைப்பதற்கு முன்பே ஒரு குண்டானில் தனியாக எடுத்துவைத்து, 'இது படைக்காதது' என்று சொல்லிக் கொடுங்கள். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயமும் அனுப்புங்கள்.