சோற்றுக்கு முன்னால் காய்கறி சாப்பிட்டால் சர்க்கரை குறைவாக ஏறுமா?

அம்மாவுக்கு டைப் 2 சர்க்கரை, சோற்றை விடச் சொன்னால் கேட்பதில்லை, காயை முதலில் சாப்பிட வைத்தாலாவது பலன் இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கும். எனக்கும் சர்க்கரை உண்டு என்பதால் இதைத் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். ஆய்வில் என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொண்டு அம்மாவிடம் சொல்லுங்கள்.

அதிகம் பேசப்படுவது நியூயார்க்கில் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரி செய்து, 2015இல் டயாபடீஸ் கேர் இதழில் வெளியிட்ட ஆய்வு. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுத்துக்கொள்ளும் டைப் 2 சர்க்கரைக்காரர்கள் 11 பேர், இரவு முழுக்க வெறும் வயிறு. ஒரு நாள் ரொட்டியும் ஆரஞ்சு ஜூஸும் முதலில், 15 நிமிடம் கழித்துக் கோழிக்கறியும் காய்கறியும். ஒரு வாரம் கழித்து அதே ஆட்கள், அதே சாப்பாடு, வரிசை மட்டும் தலைகீழ். காயும் கறியும் முதலில் போன நாளில், ஒரு மணி நேரத்துக்குப் பிறகு பார்த்த சர்க்கரை சராசரியாக 37 சதவீதம் குறைவு, இரண்டு மணி நேரத்தில் சுமார் 17 சதவீதம் குறைவு. மாவுச்சத்தில் ஒரு கிராம்கூடக் குறைக்காமல் இவ்வளவு வித்தியாசம்!

நார்ச்சத்தும் புரதமும் முதலில் போனால் இரைப்பை மெதுவாகக் காலியாகிறது. ஜிஎல்பி-1 என்ற குடல் ஹார்மோனும் கூடுதலாகச் சுரக்கிறது. அதனால் சர்க்கரை ஒரேயடியாக ரத்தத்தில் கலப்பதில்லை.

ஆனால் 11 பேர் என்பது மிகச் சிறிய ஆய்வு. ஒரு வேளைச் சாப்பாட்டை வைத்துத்தான் பார்த்தார்கள். மூன்று மாத சராசரி சர்க்கரை (HbA1c) குறையுமா என்பது இதில் இல்லை. அப்புறம், அந்தத் தட்டில் மாவுச்சத்து 68 கிராம் என்றால் புரதம் 55 கிராம். நம் வீட்டுத் தட்டு அப்படியா இருக்கிறது? மலை மாதிரி சோறு, தொட்டுக்கொள்ள ஒரு கரண்டிப் பொரியல். அந்த ஒரு கரண்டியை முதலில் சாப்பிட்டுவிட்டு 37 சதவீதத்தை எதிர்பார்க்கக் கூடாது. ஒரு கிண்ணம் நிறைய அவரைக்காயோ கீரையோ, கூடவே முட்டையோ மீனோ சுண்டலோ வேண்டும். உருளைக்கிழங்கு வறுவலைக் காய்க் கணக்கில் சேர்க்காதீர்கள். இப்படிச் சாப்பிட்டால் சோறு தானாகவே கொஞ்சம் குறையும், என் அனுபவத்தில் அதுதான் பெரிய லாபம்.

ஆளுக்கு ஆள் இது மாறவும் செய்யும். இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிலையம் 800 பேருக்கு உடம்பில் சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சார் பொருத்திப் பார்த்தபோது, ஒரே உணவுக்கு ஒருவருக்குச் சர்க்கரை எகிறியது, இன்னொருவருக்கு அசையவே இல்லை. எனவே வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் ஒரு நாள் வழக்கம்போலவும், இன்னொரு நாள் காயை முதலிலும் கொடுத்து, சாப்பிட ஆரம்பித்து ஒரு மணி நேரத்திலும் இரண்டு மணி நேரத்திலும் பாருங்கள். இரண்டு நாளும் அதே சோறு, அதே குழம்பு, அதே அளவாக இருக்கட்டும்.

அம்மா சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போடுபவர் என்றாலோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர் என்றாலோ, முதலில் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். மருந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகும் சோறு தாமதமானால் லோ சுகர் ஆகிவிடலாம்.