படகு வீட்டில் குளிர்காலம்: வாசகர் கேள்வி, ஆச்சி பதில்

போன மாதம் பலகாரம் நமுக்காமல் வைப்பதைப் பற்றி எழுதும்போது, "இங்கிலாந்தில் கால்வாய்ப் படகில் குடியிருந்த காலத்தில் சீப்புச்சீடை இரண்டே நாளில் நமுத்துப் போகும்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். பலகாரத்தை விட்டுவிட்டு எல்லோரும் படகைப் பிடித்துக்கொண்டீர்கள். சரி, இந்த மாதப் பக்கம் அதற்கே.

முதலில் இரண்டு வரி. 2008 முதல் 2015 வரை நானும் என் வீட்டுக்காரரும் ஆக்ஸ்போர்டு கால்வாயில் ஒரு படகில் இருந்தோம். ஏழு குளிர்காலம். நான் அங்கே ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்த்தேன். இப்போது கானாடுகாத்தானில் அப்பத்தா வீட்டில் இருக்கிறோம்.

என் மகன் இங்கிலாந்தில் இருக்கிறான். வாடகை கட்டி மாளவில்லை, ஒரு படகு வாங்கி அதிலேயே இருந்துகொள்கிறேன் என்கிறான். எனக்குத் தூக்கமே போய்விட்டது. குளிர்காலத்தில் தாங்குமா? விடலாமா ஆச்சி?
– ஒரு தாய், தேவகோட்டை

விடலாம் தங்கச்சி. ஆனால் இதை முழுக்கப் படித்துவிட்டு, மகனையும் படிக்கச் சொல்லுங்கள்.

படகு என்றதும் நம் ஊர்க்காரர்களுக்குக் கடலில் ஆடும் தோணி நினைவுக்கு வருகிறது. இது அப்படி இல்லை. இரும்பில் செய்த நீளப் பெட்டி. அகலம் ஏழடிக்குக் கொஞ்சம் குறைவு. படகை மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் ஏற்றி இறக்க அங்கே இருநூறு வருஷத்துக்கு முன்பு கட்டிய மதகுகள் ஏழடி அகலம்தான், அதற்குள் நுழைய வேண்டுமே. எங்கள் படகு ஐம்பத்தேழு அடி நீளம். அப்பத்தா வீட்டில் முகப்பிலிருந்து வளவை, அதாவது நடு முற்றத்தை, தாண்டி இரண்டாங்கட்டுக்குப் போகும் தூரம்கூட இல்லை. அதற்குள் அடுப்படி, குளியலறை, கட்டில், எஞ்சின் எல்லாம் வரிசையாக இருக்கும். ஒருவர் நடந்தால் மற்றவர் ஒதுங்க வேண்டும். கால்வாய்த் தண்ணீர் பெரும்பாலும் இடுப்பளவுதான், அதனால் மூழ்கிவிடுமோ என்று தூக்கம் கெட வேண்டாம். ஆனால் மதகிலும் பனி படிந்த ஓரத்திலும் கால் வழுக்கும். அங்கே கவனம் வேண்டும்.

நம் வீடுகளைக் கட்டியவர்கள் சூட்டை வெளியே அனுப்பத்தான் வளவைத் திறந்து விட்டார்கள், உயரமாகக் கூரை வைத்தார்கள். படகில் நேர் எதிர். இருக்கிற சூட்டை ஒரு துளிகூட விடக்கூடாது. அந்தச் சூடு வருவது ஒரே ஒரு இரும்பு அடுப்பிலிருந்து. முழங்கால் உயரம்கூட இருக்காது. ராத்திரி பத்து மணிக்கு அதன் கம்பித் தட்டை ஆட்டிச் சாம்பலை உதிர்ப்பேன். முட்டை முட்டையாக இருக்கும் புகையில்லாக் கரியைச் சரிவாக அடுக்கி, நன்றாகப் பற்றும்வரை காற்றுத் திறப்பைத் திறந்து விடுவேன். அப்புறம் ஒரு நூலளவு மட்டும் விட்டு மூடுவேன். விடியற்காலை ஐந்தரைக்குத் திறந்தால் மேலே வெள்ளைச் சாம்பல், கம்பியால் தட்டினால் உள்ளே செக்கச்செவேல். அப்பத்தா கும்முட்டி அடுப்பில் கரியைச் சாம்பலால் மூடி விடியும்வரை வைத்திருப்பார்கள். நீறு பூத்த நெருப்பு என்றால் என்னவென்று அவர்களிடம் பார்த்ததுதான். அந்த வித்தை அங்கே எனக்குச் சோறு போட்ட மாதிரி. ஒரு நாள் மூடத் தவறினால் நடுச்சாமத்தில் கரி தீர்ந்து, காலையில் நம் மூச்சு நம் கண் முன்னால் புகையாகப் போகும். கடுங்குளிரில் எங்களுக்கு மூன்று நாளைக்கு ஒரு மூட்டைக் கரி ஆனது.

இப்போது பயப்பட வேண்டிய விஷயத்தைச் சொல்கிறேன். இரண்டாவது குளிர்காலத்தில் கதவின் கீழே இருந்த காற்றுத் துவாரத்தில் ஊதல் தாங்க முடியாமல் பழைய துண்டு ஒன்றைத் திணித்து அடைத்தேன். நடு ராத்திரி தலையை யாரோ கயிறு கட்டி இறுக்குவது போல வலி. கூடவே, சுவரில் மாட்டியிருந்த அபாயமணி அலறியது. கார்பன் மோனாக்சைடு! மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் இது உட்கார்ந்துகொள்ளும். அதைப் பாடமாகப் படித்த நானே துவாரத்தை அடைத்தேன். இரண்டு பக்கக் கதவையும் திறந்துபோட்டு, கம்பளியைச் சுற்றிக்கொண்டு வெளியே கரையில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்துப் படகுப் பெரியவர் டார்ச்சோடு வந்தார். துண்டைப் பிடுங்கிப் போட்டார். மறுநாள் எங்கள் புகைக்குழாயைத் துடைத்து ஒரு சொம்பு கரி எடுத்துக் காட்டினார். அந்த அபாயமணி இல்லையென்றால் இந்தப் பக்கத்தை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். 2019 முதல் அங்கே படகுகளுக்குப் பாதுகாப்புச் சான்று வாங்க அது கட்டாயம். மகனிடம் இரண்டாக வாங்கி மாட்டச் சொல்லுங்கள், கட்டில் பக்கம் ஒன்று, அடுப்புப் பக்கம் ஒன்று. சூட்டுச் சாம்பல் வாளியையும் உள்ளே வைக்கக்கூடாது, அதிலிருந்தும் அந்த வாயு வரும்.

அடுத்தது ஈரம். குளிரைவிட ஈரம்தான் ஆளைச் சோர வைக்கும். சோறு வடித்தால், குளித்தால், சும்மா மூச்சு விட்டால்கூட ஆவி. அது போய் ஜன்னல் கண்ணாடியிலும் இரும்பிலும் படிந்து தண்ணீராக இறங்கும். காலையில் எழுந்ததும் என் முதல் வேலை துணியால் ஜன்னல்களைத் துடைத்துப் பிழிவது. அரைக் குவளைத் தண்ணீர் தேறும். மெத்தையின் அடிப்பக்கம் நனைந்து கருப்புப் பூசணம் பிடிக்கும், அதனால் கீழே காற்றுப் போகும்படி மரச்சட்டம் போட வேண்டும். ஆத்தா கொடுத்த அரக்குக் கண்டாங்கி ஒன்றை அலமாரியின் அடியில் வைத்துவிட்டு மார்ச் மாதம் எடுத்துப் பார்த்தேன். மடிப்பு நெடுகப் புள்ளி புள்ளியாகக் கருத்திருந்தது. எவ்வளவோ துவைத்தும் போகவில்லை. அது என் மனதை விட்டுப் போகவே இல்லை. சேலை, சான்றிதழ், புகைப்படம் எதுவானாலும் இரும்புச் சுவரை ஒட்டி வைக்கக் கூடாது.

தண்ணீர்த் தொட்டி படகுக்குள்ளேயே இருக்கும், நாம் நிரப்ப வேண்டும். கரைக் குழாய் உறைந்துவிட்டால் கெட்டிலில் வெந்நீர் கொண்டுபோய் ஊற்றித் திறக்க வேண்டும். சில நாள் அதற்கும் மசியாது. உறையும் என்று வானிலையில் சொன்னால் முந்தின நாளே நிரப்பிவிடுவது நல்லது. ஊருக்கு வருவதானால் படகின் குழாய்களையெல்லாம் திறந்து, பம்பில் நிற்கும் நீரை வடித்துவிட்டு வர வேண்டும், இல்லையென்றால் உறைந்து வெடித்துவிடும். கழிவுப் பெட்டியையும் நாமேதான் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அதில் கூச்சப்படுகிறவர் படகு வாங்கக் கூடாது.

வெளிச்சம் இன்னொரு பாடு. டிசம்பர் கடைசியில் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. கூரையில் போட்ட சோலார் பலகை அப்போது பேருக்குத்தான். பேட்டரி ஏற எஞ்சினை ஓட்ட வேண்டும், அதையும் இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை நிற்கிற படகில் ஓட்டக்கூடாது. அக்கம்பக்கம் தூங்க வேண்டும் என்பது அங்கே முறை. வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. சேற்றுக் கரையில் டார்ச் அடித்துக்கொண்டு நடப்பேன்.

மகன் ஜூன் மாதத்தில் பூத்துக் குலுங்கும் கரையைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்க வேண்டாம். ஜனவரியில் ஒரு வாரம் வாடகைப் படகு கிடைத்தால் அதில் இருந்து பார்க்கட்டும். எட்டாவது நாளும் ஆசை இருந்தால் நீங்கள் தைரியமாகத் தூங்கலாம்.

கால்வாய் உறைந்தால் படகு நசுங்கிவிடாதா?
– ஏழாம் வகுப்பு மாணவர், பள்ளத்தூர்

நசுங்காது தம்பி. மேலே சில அங்குலம்தான் உறையும், அடியில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். நின்ற இடத்தில் நிற்கும் இரும்புப் படகுக்கு ஒன்றும் ஆகாது. உடைத்துக்கொண்டு போனால்தான் கெடுதல். பனிக்கட்டி விளிம்பு கத்தி மாதிரி, நீர்மட்டத்தில் பூசியிருக்கும் தார்ப்பூச்சைச் சுரண்டி எடுத்துவிடும். பழைய மரப்படகு பக்கத்தில் நின்றால் அதன் பலகையையே வெட்டும். அதனால் உறைந்த கால்வாயில் அவசரமில்லாமல் யாரும் படகை எடுப்பதில்லை.

2010 டிசம்பரில் நாங்கள் அப்படி மாட்டினோம். வாத்துகள் நீந்துவதற்குப் பதில் வழுக்கி வழுக்கி நடந்தன. தூரத்தில் ஒரு படகு அசைந்தால் அது கண்ணில் படுவதற்கு முன்பே பனிக்கட்டி வழியாக ஒலி வந்துவிடும். இழுத்துக் கட்டிய கம்பியைச் சுண்டினால் வருமே, அப்படி ஒரு ஓசை. படகின் இரும்பில் காதை வைத்துக் கேட்டிருக்கிறேன். இன்னொரு தடவை கேட்கக் கிடைத்தால் இப்போதே கிளம்புவேன்.

ஆனால் 1963 ஜனவரியில் வந்த குளிர்தான் குளிர். அந்த நூற்றாண்டில் இங்கிலாந்து கண்ட மிகக் குளிரான மாதம் அது. வாரக்கணக்கில் சரக்குப் படகுகள் நின்ற இடத்தில் உறைந்து கிடந்தன. சரக்கு லாரிக்குப் போனது, பனி உருகிய பிறகும் பெரும்பாலும் திரும்பி வரவில்லை. அந்தப் படகுகளின் பின்பக்கத்தில் பத்தடி நீள அறையில் அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று குடும்பமே வாழ்ந்தது. அந்தச் சின்ன அறைக் கதவிலும் தண்ணீர்க் குடத்திலும் ரோஜாப்பூவும் கோட்டையுமாக வரைந்து வைத்திருப்பார்கள். நம் ஊர் மரவை என்னும் மரப்பாத்திரத்தில் வண்ணம் பார்த்து வளர்ந்த எனக்கு அதைக் கண்டால் நகர மனம் வராது.

நம் ஊர்ச் சமையல் கேஸ் அங்கே குளிரில் எரியுமா?
– ஓய்வு பெற்ற எந்திரவியலாளர், காரைக்குடி

நல்ல கேள்வி. நம் ஊர் கேஸ் பியூட்டேனும் புரோப்பேனும் கலந்தது. சுழியம் டிகிரியை ஒட்டிப் போனால் பியூட்டேன் ஆவியாகாது, சிலிண்டரில் திரவமாகவே நிற்கும். அதனால் அங்கே படகில் புரோப்பேன் சிலிண்டர்தான். அது மைனஸ் நாற்பது வரை ஆவியாகும். இரண்டுமே காற்றைவிடக் கனம், கசிந்தால் படகின் அடியில் போய்த் தேங்கும். எனவே சிலிண்டர் இருக்கும் பெட்டிக்கு வெளியே வடிகிற மாதிரி ஓட்டை இருக்கும். அந்த ஓட்டையை இலை தழை அடைக்காமல் பார்க்க வேண்டும்.

ஒரே இடத்தில் கட்டிப்போட்டு இருக்கலாமா?
– வாசகர், பொன்னமராவதி

காசு கட்டி நிரந்தர இடம் வாங்கினால் இருக்கலாம். இல்லையென்றால் பதினான்கு நாளைக்கு மேல் ஓரிடத்தில் நிற்கக் கூடாது என்பது 1995ஆம் ஆண்டுச் சட்டம். பனிக்கட்டியில் மாட்டினால் நியாயமான அளவு கூடுதலாக நிற்கலாம், அதற்கும் அதிலேயே இடம் வைத்திருக்கிறார்கள். 2012 முதல் ஓர் அறக்கட்டளைதான் இந்தக் கால்வாய்களைக் கவனிக்கிறது. மதகுப் பழுதுவேலை பெரும்பாலும் நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் நடக்கும், அதனால் எந்த மதகு எப்போது மூடும் என்று பார்த்துத்தான் நகர வேண்டும்.

இவ்வளவு சிரமத்தில் ஏழு வருஷம் இருக்க அப்படி என்ன சந்தோஷம்? பிள்ளையார் நோன்பெல்லாம் எப்படி?
– வாசகி, கோட்டையூர்

இரும்புக் கூரையில் மழை விழும்போது உள்ளே அடுப்புப் பக்கம் கால் நீட்டி உட்கார்ந்திருப்பது. விடியலில் வாத்துகள் படகின் அடியில் ஒட்டிய பாசியை டொக் டொக்கென்று கொத்துவது, முதல் வாரம் திருடனோ என்று எழுந்து உட்கார்ந்தேன். கீரைக்காரி வாசலுக்கு வருவது மாதிரி கரிப்படகு நம் ஜன்னலுக்கே வந்து மூட்டையும் டீசலும் சிலிண்டரும் இறக்கிக் கொடுத்து, நாலு ஊர்ச் செய்தி சொல்லிவிட்டுப் போவது. பழுப்புக் கரை நெடுக ஒரே ஒரு நீலமாக மீன்கொத்தி பறப்பது. இலை உதிர்ந்த குளிர்காலத்தில்தான் அது நன்றாகக் கண்ணில் படும். தோசை மாவுப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி வைத்தால் காலையில் பொங்கி நிற்கும். அந்த ஊரில் வீடுகளில் இருந்தவர்கள் மாவு புளிக்கவில்லை என்று புலம்புவார்கள், எனக்கு அந்தக் குறையே இல்லை.

பிள்ளையார் நோன்பு என்பது எரிகிற நூல்திரியை மாவோடு விழுங்கி முடிக்கும் நகரத்தார் நோன்பு. அதற்கு வழக்கமாக நம்மவர்கள் கூடும் வீட்டுக்கு ரயிலில் போய்விடுவோம். ஒரு வருஷம் பனி கொட்டி ரயில் ஓடவில்லை. கார்த்திகையிலிருந்து இருபத்தொரு நாளும் புது வேட்டியிலிருந்து எடுத்த நூல் இருக்கிறது, ஊரிலிருந்து கொண்டுபோன காய்ந்த ஆவாரம்பூ இருக்கிறது. பிறகென்ன? அந்த இரும்பு அடுப்பின் மேலேயே கருப்பட்டிப் பாகு காய்ச்சினேன். பணியாரம் சுட்டேன். நெல்பொரி கிடைக்கவில்லை, அவல்பொரி மட்டும். மடிக்கிற மேசையைத் துடைத்துப் பிள்ளையாரை வைத்தோம். இழை மாவில் அந்த நூல்திரியை வைத்து ஏற்றியபோது, கரி கொடுக்க வந்த பக்கத்துப் படகுப் பெரியவர் கதவடியில் நின்றுவிட்டார். உள்ளே வாருங்கள் என்றேன். தலையைக் குனிந்து வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

என் வீட்டுக்காரர் எரிகிற இழையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். எனக்கும் ஒன்று கொடுத்தார். நான் விழுங்கியதும் பெரியவர் பதறிப்போய், வாயைத் திற, சுட்டுவிட்டதா பார்க்கிறேன் என்றார். திறந்து காட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்று நிச்சயமானதும்தான் உட்கார்ந்தார். ஆறு பணியாரம் சாப்பிட்டார். கிளம்பும் முன், கேட்காமலே எங்கள் அடுப்புக் கதவைத் திறந்து, தான் கொண்டு வந்த மூட்டையிலிருந்து இரண்டு கரியை எடுத்து உள்ளே வைத்து, காற்றுத் திறப்பை ஒரு நூலளவு விட்டு மூடிவிட்டுப் போனார்.